அலமாரியில் வைத்த படம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கையகலக் கதை ஒன்று சொல்கிறேன்.

குழந்தைகள் இல்லத்து அலுவலக அறை. பகல் வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. நாலு வயதுச் சிறுமி புதுச் செருப்புக் கால்களை ஆட்டிக்கொண்டு வாசலையே பார்த்திருக்கிறாள். அவளைத் தத்தெடுக்க வந்த வேற்று இனத் தம்பதி எதிரே நிற்கிறார்கள். வெளுத்த முகமுடைய அந்தப் பெண் முழங்காலிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, கற்று வந்த ஒரே சொல்லைச் சொல்கிறாள்: "அம்மா." சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. "நீங்க இல்ல. எங்க அம்மா என்ன மாதிரியே கருப்பு, சுருட்டை முடி. இன்னைக்கு வருவாங்கன்னு ஆயாதான் சொன்னாங்க." மேசைக்குப் பின்னாலிருந்த இல்லத்து அதிகாரி, சுவரோரம் நின்ற ஆயாவின் பக்கம் திரும்புகிறார். "ரெண்டு மாசம் முன்னாடியே இவங்க படத்தைக் குடுத்தேனே, தினம் காட்டச் சொல்லி?" ஆயா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "புள்ள மிரண்டுடுமோன்னு அலமாரியில வச்சுட்டேன் சார்." கையெழுத்துக்கான பேனா மூடி கழற்றியபடி கிடக்கிறது. அந்தப் பெண்ணின் விரித்த கைகள் மடங்கவில்லை. சிறுமி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி, வாசல் மறைக்குது" என்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் வாசலில், அவர்கள் தேடுகிற முகமே வந்து நிற்கட்டும்.