தொடாத கை

"அந்த நிக்கான் தொலஞ்சதே ஒனக்கு நல்ல காலம்தாம்மா. இப்பவாச்சும் உருப்படியா ஒரு கேனான வாங்கு."

கடைக் கண்ணாடி மேசைமேல் இருந்த இரண்டு கேமராக்களில் நிக்கானைக் கவியரசன் புறங்கையால் ஒதுக்கித் தள்ளினார். அதைப் பார்க்க மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் இலையைக்கூட யாரும் அப்படித் தள்ள மாட்டார்கள்.

புதுக்கோட்டையில் இருக்கும் சூசைராஜ் கடைக்கு அவரைத் துணைக்கு அழைத்து வந்தது அவள்தான். ஆவுடையார்கோவிலில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் மனிதர். ஆறு மாதத்துக்கு முன் ஜெகதாப்பட்டினத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவர் பெண் வீட்டுக்குப் படம் எடுத்தார், அவள் மாப்பிள்ளை வீட்டுக்கு.

தாலி கட்டி முடிந்து, அவள் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் கேமரா பையைக் காணோம். மண்டபத்தைச் சல்லடை போட்டுத் தேடியவர் கவியரசன்தான். போலீஸ் ஸ்டேஷன் வரை கூட வந்தவரும் அவர்தான். அந்த நன்றிக்காகத்தான் இன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து வாடகைக் கேமராவில் பிழைப்பு ஓடுகிறது. 'தாலி கட்டுன போட்டோவத் தொலைச்சவ' என்று ஊர் வைத்த பெயர் அதைவிடப் பெரிய கொடுமை. தை மாதத்துக்கு வந்திருப்பதே ஒரு கல்யாணம். அந்த வீட்டாரும், அவள் சொந்தக் கேமராவோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு நிக்கான்தாண்ணே பழக்கம்," என்றாள்.

"பழக்கமாம், பழக்கம். நம்ம ஊரு மேனி நெறத்துக்குக் கேனான்தான் எடுப்பு. வேணும்னா இவரக் கேளு."

சூசைராஜ் இரண்டையும் விற்பவர். நடுவில் மாட்டிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்தா? "ரெண்டும் நல்லதுதாங்க," என்று மழுப்பிக்கொண்டே நிக்கானை எடுத்து லென்ஸைக் கழற்றப் பார்த்தார். அது அசையவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திருப்பிக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"விக்கிற எனக்கே மறந்துபோகுது பாருங்க. கேனான் ஒரு பக்கம்னா இது எதிர்ப்பக்கம்."

"அதான் சொல்றேன், கோணக் கம்பெனி," என்றார் கவியரசன். "இருவது வருசத் தொழில்ல இந்தக் கருமத்த நான் கையால தொட்டதில்ல."

"நீங்க தொடாட்டிப் போங்க. எனக்குச் சோறு போட்டது அதுதான்."

"அந்தச் சோத்துக்கு ஒக்காந்துதான தொலைச்ச?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணிமேகலைக்குக் காதெல்லாம் சுட்டது. நன்றியாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. "நிக்கானுக்கே பில்லு போடுங்கண்ணே," என்றாள் சூசைராஜிடம்.

கவியரசனுக்கும் ரோசம் வந்துவிட்டது. "வெளக்கப் புடிச்சுக்கிட்டே கெணத்துல விழுவேங்குற. கேனானுக்கு லென்ஸ் மாட்டுற வாய் எம்புட்டு அகலம், இதுக்கு எம்புட்டுன்னு நீயே பாரு," என்று சத்தம் போட்டபடி சூசைராஜ் கையிலிருந்த நிக்கானைப் பிடுங்கினார்.

அவர் கண் கேமராவைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது. கட்டை விரல் பொத்தானை அழுத்தியது, மணிக்கட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது, லென்ஸ் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கேமராவின் வாயை அவளிடம் காட்டினார். அதே வேகத்தில், அப்போதும் குனிந்து பாராமல், லென்ஸைத் திரும்ப மாட்டினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார்.

மணிமேகலை பார்த்துவிட்டாள். யாரோ சொல்லிக் கேட்டு வருகிற வேகமில்லை அது. அவள் கைக்கே அது பழக மூன்று மாதம் ஆகியிருந்தது.

கோபமெல்லாம் எங்கோ போய், அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"அண்ணே, எங் கேமரா எங்க?"