பெயர் கடைசியில்தான்

முதியோருக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேருக்கு மேல் எடுத்த பழைய துணைக் காப்பீட்டை விட்டுப் புதியதற்கு மாறவேண்டும் என்றால், உடல்நலக் கேள்விகளில் தேற வேண்டும். தேறாதவர்களே அதிகம் என்பதால் ஏஜெண்ட் டார்லீன் முதலில் கேள்விகளைக் கேட்டுவிடுவாள்; பெயரைக் கடைசியில்தான் எழுதுவாள்.

அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்த ஹார்லன் எதிரே உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. மூக்கில் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர்.

"வீட்டுல ஆக்ஸிஜன் வெச்சுக்கிறதுண்டா?"

"இல்ல."

டார்லீன் சிலிண்டரைப் பார்த்தாள். "இதய நோய்?"

"கிடையாது."

"மாடிப்படி ஏற முடியுமா?"

"ரெண்டு ரெண்டு படியா."

"ஹார்லன், சர்ச்சுல என் பக்கத்துல உக்கார்ற ஆளு நீங்க. இப்படிப் புளுகினா நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு டாலர் தரமாட்டாங்க."

"யாரு புளுகுறா?"

வாசல் கதவு திறந்தது. பனி அள்ளும் மண்வெட்டியோடு ஒரு கிழவி உள்ளே வந்து பூட்ஸை உதறினாள்.

"உன் காரச் சுத்திப் பனிய அள்ளிட்டேன். எங்க கையெழுத்து போடணும்?"

"உங்களுக்கா? நான் ஹார்லனுக்குன்னு நெனச்சேன்."

"என் பையனுக்கா? இவன எந்தக் கம்பெனி சேத்துக்கும்? எழுது. என் பேரு சோல்வெய்க், வயசு தொண்ணூத்திரண்டு. சீக்கிரம், பௌலிங் ஆட்டத்துக்கு நேரமாச்சு."