உப்புக்கு வந்த மிளா

மூக்கம்மாள் எறிந்த கல் மிளாமானின் விலாவில் பட்டது. அது துள்ளிக் குதித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

"அடிப் பாவி! வாயில்லாச் சீவனுக்குக் கல்லெறியா? நீயெல்லாம் பிள்ளை பெத்தவளா?" கங்காணி ராக்கப்பன் ஓடி வந்தார்.

அது சாமானிய மிளாவா? தேயிலைத் தோட்டத்துத் துரை உப்பு வைத்துப் பழக்கியது. பங்களா வாசலில் தகரத்தைத் தட்டினால் மூன்று மலை தாண்டி வந்து நிற்கும். துரை சுருட்டுப் பிடித்தால் மிளா இருமும் என்பார்கள். இருமலை நானே கேட்டிருக்கிறேன்.

துரை வந்தார், கையில் உப்புக்கட்டியோடு.

"மூணாந்தடவை, தொரை. தகரச் சத்தம் கேட்டா இவ கல்லைப் பொறுக்குறா. பங்களா கூட்டுறவளுக்கு இம்புட்டுக் கொழுப்பு!" என்றார் ராக்கப்பன்.

"உன் அவரைக்காயைத் தின்னுச்சா?" என்றார் துரை.

"இல்லீங்க தொரை."

"பின்னே ஏன்?"

"மனுசன் வாசல்ல அதுக்கு என்ன சோலி?"

துரையின் முகம் சிவந்தது. "இது என் விருந்தாளி. பாவம், இப்பத்தான் கொம்பு முளைக்குது. இவ பேரை வெட்டு!"

பேரை வெட்டினால் வேலையும் போச்சு, கூலிக்காரர் லயத்தில் வீடும் போச்சு. மூன்று பிள்ளைகள் வேறு.

ராக்கப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஏ புள்ள, கால்ல விழு. இனி எறியமாட்டேன்னு ஒத்தை வார்த்தை சொல்லு. போதும்."

மூக்கம்மாள் லயத்துக்குப் போய் மூட்டை கட்டினாள்.

சட்டிபானையைச் சுமந்து, பிள்ளைகளோடு மலை இறங்கினாள். வழியில் புதரோரம் அதே மிளா. சுமையை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு கல்லை எறிந்தாள்.

"போகும்போதும் திமிரைப் பாரு!" என்றது லயம்.

பங்களா கூட்டும் வேலை பல மாதம் கழித்துத்தான் லயத்துச் சின்னத்தாய்க்குக் கிடைத்தது. மிளாவின் கொம்பு முற்றி, இரண்டு மாதம் கழிந்திருக்கும். முதல் நாள் ராக்கப்பன் அவளைப் பங்களாவின் பெரிய அறைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார்.

"இந்தப் புதுத் தலையையும் சேர்த்துத் தெனமும் துடைக்கணும். கொம்பு பத்திரம்."

"ஆத்தீ! இம்புட்டையும் தொரை காட்டுல போயா சுட்டாரு?"

"காட்டுக்கு எதுக்குப் போகணும்? எல்லாம் தகரம் தட்டினா உப்புக்கு வந்ததுங்கதான். மூக்கம்மா துடைச்சது பதினொண்ணு. இது பன்னெண்டு."