ஓரத்து நட்சத்திரத்தின் பெருந்தன்மை

நட்சத்திரக் கூட்டத்தின் கடைசி ஓரத்தில் ஒரு நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கிற பெரிய மனித நட்சத்திரங்களுக்குச் சமமான வேகத்தில் தானும் ஓடுகிறோம் என்று அதற்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பக்கமாகப் போன வால்நட்சத்திரம் கேட்டது. "ஏம்ப்பா, இந்த வேகத்துக்கு நீ எப்பவோ வெளியே தெறிச்சிருக்கணுமே! கண்ணுக்குத் தெரியிற நட்சத்திரமெல்லாம் சேர்ந்து இழுத்தாலும் உன்னைப் பிடிச்சு வைக்கப் பத்தாது. யாரு பிடிச்சிருக்காங்க?"

நட்சத்திரத்துக்குச் சுருக்கென்றது. "என்னை யாரு பிடிக்கிறது? இங்கே ஒருத்தரும் இல்லையே!"

"நான்தாங்க, கரும்பொருள்," என்று காலி இடத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கு வெளிச்சமும் கிடையாது, நிழலும் கிடையாது. கனம் மட்டும்தான். இந்தக் கூட்டம் முழுக்க நான்தான் நிறைஞ்சிருக்கேன். தொந்தரவா இருந்தா விட்டுடட்டுமாங்க?"

நட்சத்திரம் வெளியே எட்டிப் பார்த்தது. பொட்டு வெளிச்சம் இல்லை. சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"சரி சரி, அவசரப்படாதே," என்றது.

வால்நட்சத்திரத்தின் வால் மறைகிறவரை பொறுத்திருந்துவிட்டு, பக்கத்து நட்சத்திரத்தைக் கூப்பிட்டுச் சொன்னது:

"பாவம், அந்தக் கரும்பொருளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? போனாப் போகுது, பிடிச்சுக்கட்டும்னு விட்டிருக்கேன்."