உச்சிப்புளி டிக்கெட்

"வாகீசன்!"

"உள்ளேன் டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. வந்தது பெண் குரல். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து அந்தப் பள்ளியில் ஒரே அறை. ஐந்தாம் வகுப்பு வாகீசனுக்காக எழுந்து நின்றவள் அவன் தங்கை மயூரி, நாலாம் வகுப்பு.

நாகலெட்சுமி டீச்சர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். வருகைப் பதிவெல்லாம் இப்போது அதில்தான்.

"மயூரி, உன் பேரைக் கூப்பிட்டா நீ சொல்லு. அண்ணன் பேருக்கு ஏன் எந்திரிக்கிற?"

"அவன் இல்லைத்தானே டீச்சர். அதுதான் நான் சொல்றன்."

"அவ அண்ணன் சிலோனுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு டீச்சர்," என்றாள் சிநேகா. "தெனமும் இப்படித்தான் கத்துறா. நாளைக்கு மீசை வரைஞ்சுக்கிட்டு வரச் சொல்லுங்க."

மறுபடியும் சிரிப்பு. மயூரி உட்காரவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் ஹாஜா முகைதீன் டீச்சரை வெளியே அழைத்தார்.

"அந்தப் பையன் பேரை இன்னமுமா வச்சிருக்கீங்க? மேல இருந்து தெனமும் கேக்குறாங்க. இன்னைக்கே நீக்கிருங்கம்மா."

"சரி சார்."

குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனாலும் மதியம் சத்துணவில் வைத்த முட்டையை மயூரி தொடவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் பஸ் நிறுத்தம் வரை டீச்சரின் பின்னாலேயே வந்தாள். மண்டபம் அகதிகள் முகாமுக்கும் அதே பாதைதான்.

"வெட்டிட்டீங்களா டீச்சர்?"

"எதை?"

"அண்ணாட பேரை."

"இன்னும் இல்ல. பஸ்ல உட்கார்ந்து செய்யணும்."

"வெட்டாதீங்க டீச்சர். கேம்ப்பில செக்கிங் வந்து பேர் கூப்பிடுவாங்க. சத்தம் குடுக்காட்டி வெட்டிருவாங்க. பிறகு திரும்பச் சேர்க்கவே ஏலாதுன்னு அம்மா சொல்லுவா. அதுதான் நான் இங்க சத்தம் குடுக்கிறன்."

நாகலெட்சுமி நின்றுவிட்டாள். இத்தனை நாளும் இதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

"இது கேம்ப் இல்லம்மா, பள்ளிக்கூடம். இங்கன யாரும் யாரு பேரையும் வெட்ட மாட்டாங்க."

"அப்ப நீக்குறதுன்னா என்ன டீச்சர்?"

தண்டவாளத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று வீசியது. மயூரியின் ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. டீச்சர் அதைப் பிடித்துக் கட்டிவிட்டாள்.

"அப்பாவோட சேர்ந்து காணி பார்க்கத்தான் போனவன். பத்து நாளில வருவன்னு சொன்னவன். அவன்ட கலர் பென்சில் பெட்டி என்னட்டத்தான் இருக்கு. ஒண்டும் நான் எடுக்கேல்ல. சிவப்பு மட்டும் ஒரு தரம்."

"வரட்டும். வந்தா நானே சேர்த்துக்கிறேன். ஆனா மயூரி, இல்லாத ஆளை இருக்குன்னு சொல்லலாமா? நம்மளையே நாம ஏமாத்திக்கிறது இல்லையா அது?"

மயூரி யோசித்தாள்.

"அவன் வருவான் டீச்சர். சும்மா சொல்லேல்ல."

டவுன் பஸ் வளைவில் தெரிந்தது. நாகலெட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"ஏன் டீச்சர் ஓடுறீங்க? பஸ் நிக்கும்தானே?"

"சீட்டுப் பிடிக்கணும்டீ. எங்க வீட்டுக்காரருக்கு ஜன்னலோரம்தான் வேணும். இல்லைன்னா ராம்நாடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு."

"எங்க ஏறுவார்?"

"உச்சிப்புளியில."

மயூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரத்தில் கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள் நாகலெட்சுமி. கண்டக்டர் முனியசாமி அவளுக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கொடுத்தார். அவள் சில்லறையை நீட்டினாள்.

"உச்சிப்புளியிலருந்து ராம்நாடு ஒண்ணு."

"தெரியாதா டீச்சர்," என்று காசு டிக்கெட் ஒன்றையும் கொடுத்தார்.

அவள் செல்போனை எடுத்தாள். வாகீசன் பெயரைத் தொட்டதும், 'நீக்கவா?' என்று கேட்டது. கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனாள். பிறகு, உச்சிப்புளி வரட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிப்புளி வந்தது. தலையைச் சாய்த்து வெளியே பார்த்தாள். நாலைந்து பேர் ஏறினார்கள். பெரிய கட்டைப்பையோடு ஏறிய ஓர் அம்மாள் நேராக அவளிடம் வந்தார்.

"பையை எடு தாயி. செத்த நேரம் உட்கார்றேன்."

"ஆளு வருதும்மா."

விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"எங்கன வருது? வண்டியே கெளம்பிருச்சு. வராத ஆளுக்கு எதுக்கு எடம் போட்டு வச்சிருக்க?"

நாகலெட்சுமி மடியில் இருந்த செல்போனைப் பார்த்தாள். 'நீக்கவா?' இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. எதையும் தொடாமல் அணைத்து, ஜன்னலோரச் சீட்டில் இருந்த பைக்குள் போட்டாள்.

"இங்கிட்டு வாங்கம்மா, முன்னாடி எடம் வாங்கித் தாரேன்," என்று முனியசாமி அந்த அம்மாளைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனார்.

"என்னப்பா நியாயம் இது? காலிச் சீட்டுதானே?"

முனியசாமி திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாரு செத்து ரெண்டு வருசமாச்சும்மா. இன்னைக்கு வரைக்கும் ஒருநாள் தவறாம உச்சிப்புளி டிக்கெட் எடுக்குறாங்க. நானும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."