நான்கு நேற்றுகள்

எம்பிராய்டரி இயந்திரத்தின் சட்டத்தில் மெல்லிய பட்டு விறைத்து நிற்கிறது. நெருக்கமான தையல் இறங்கினால் கிழிந்துவிடும். ஜன்னல் வெயிலில் வெளுத்த கணினித் திரையில் ஒரே மீன்கொத்திக்கு நான்கு கோப்புகள்; தையல் நெருக்கம் வேறானாலும் பார்வைக்கு நான்கும் ஒன்றுதான், தேதியும் நான்குக்கும் ‘நேற்று’. “எல்லாமே நேத்துன்னா எதைத் தைக்கிறது அண்ணி?” என்கிறாள் நாத்தனார். வெளியூர் போயிருக்கும் கணவர் போனில், “எதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒண்ணையும் தொடாதே, சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்” என்று வைத்துவிடுகிறார். பட்டைக் கொடுத்த துணிக்காரர் அதை வாங்கிப்போக மதியமே வந்துவிடுவார். நான் கணவரின் இடத்தில் உட்காருகிறேன். இந்த மவுஸ் அவர் கைக்கென்றே செய்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என் உள்ளங்கையில் அது சமர்த்தாக அடங்குகிறது. அமைப்புகளுக்குள் போய், தேதியை மணியோடு முழுதாகக் காட்டும்படி மாற்றுகிறேன். நேற்றுகள் கலைந்து எண்களாகின்றன. தையலைத் தளர்த்தச் சொல்லிவிட்டுத் துணிக்காரர் நேற்றுக் கிளம்பியது மாலை ஆறு மணிக்கு. அதற்குப் பிந்திய கோப்பு ஒன்றே ஒன்று. “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்று நாத்தனார் சிரிப்பை அடக்குகிறாள். “தைச்சு முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்” என்று பச்சைப் பொத்தானை அழுத்துகிறேன். மேசை அதிர ஊசி இறங்குகிறது. சுருக்கம் விழாத பட்டில் நீலச் சிறகு விரிய விரிய, நாற்காலியை என் உயரத்துக்குத் தாழ்த்திக்கொள்கிறேன்.