பதினைந்து ரயில்கள்

தேநீர்க் கோப்பையின் மூடி கடகடவென்று ஆடியது. "பாத்தீங்களா லூ எஞ்சினியர்? நீங்க பெட்டியைத் திறக்கறதுக்குள்ள கீழ ரயில் வந்து சாட்சி சொல்லுது," என்றார் தோங் டாக்டர். கோப்பையை மேசையில் வைத்தார். சத்தம் அடங்கியது.

ஊஹானில் கண் ஆபரேஷன் என்றால் தோங் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் தலைமை வகிக்கும் ஆஸ்பத்திரி மெட்ரோ ஸ்டேஷனின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ரயிலின் அதிர்வு மேலே ஏறக்கூடாதென்று கட்டடத்துக்கு அடியில் இரும்புச் சுருள்களை வைத்தவன் லூ ஷாவ்மின்.

இந்த வருஷம் அங்கே அவர் ஆபரேஷன் செய்த மூன்று பேருக்குப் பார்வை போய்விட்டது. ரயில் குலுக்கித்தான் கத்தி வழுக்கியது என்று டாக்டர் புகார் எழுதியிருந்தார்.

டாக்டர் வார்டுகளைப் பார்க்கப் போனார். லூ பெட்டியிலிருந்து அதிர்வு அளக்கும் கருவியை எடுத்துத் தரையில் வைத்து ஒரு மணி நேரம் கவனித்தான். பதினைந்து ரயில்கள் போயின. திரையில் கோடு தூங்கிக் கிடந்தது.

"அதிர்வே இல்லைங்க டாக்டர்," என்றான், அவர் திரும்பி வந்ததும்.

டாக்டர் கோபப்படவில்லை. கருவி என்ன சொன்னால் என்ன, அறிக்கை எழுதுவது நீங்கள்தானே என்றார் சாவகாசமாக. வீட்டில் யாருக்காவது ஏதாவது உதவி வேண்டுமா என்றும் விசாரித்தார்.

லூவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவன் அம்மாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றிலும் புரை முற்றி, தன் நூடுல்ஸ் கடையில் எள் விழுது எது, மிளகாய் எண்ணெய் எது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். இதே ஆஸ்பத்திரியில் பான் என்ற இளம் பெண் டாக்டர் கைராசிக்காரி. அவளிடம் ஆபரேஷனுக்கு நாள் கிடைக்க ஏழு மாதம் காத்திருக்க வேண்டும்.

மூணு பேர் கண்ணு போனதுக்கு யார் காரணமா இருந்தா நமக்கென்ன, போனது திரும்பியா வரப்போகுது? அப்படித்தான் நினைத்தான், பாவி. சுருள்கள் தளர்ந்துவிட்டன, அதிர்வு அளவுக்கு மேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். துண்டுச் சீட்டில் அம்மாவின் பெயரை எழுதிக்கொடுத்து, பான் டாக்டரிடம் சீக்கிரம் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்றான்.

தோங் டாக்டரின் முகம் மலர்ந்தது. உதவி செய்தவனுக்கு அரைகுறையாகத் திருப்பிச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நர்ஸைக் கூப்பிட்டு, நாளைக் காலைக்கே பெயரை ஏற்றச் சொன்னார். லூவுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் கோப்பையைக் கையில் எடுத்தார். மூடி மறுபடி கடகடவென்று ஆடியது.

லூ பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்தான். கருவியை அவன் இன்னும் அணைக்கவில்லை. கோடு அசையாமல் கிடந்தது.

"பான் சின்னப் பொண்ணு, அவ எதுக்கு? உங்க அம்மாவுக்கு நானே பண்றேன்."